பக்கத்து வீட்டு மெனோனைட் குடும்பம்: என்னிடம் எல்லாரும் கேட்கிற கேள்விகள்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் லான்காஸ்டர் கவுண்டிக்கு நாங்கள் குடிவந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டில் ஒரு மெனோனைட் குடும்பம், அதாவது அனபாப்டிஸ்ட் என்று சொல்லப்படுகிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அப்பா, அம்மா, ஏழு பிள்ளைகள். ஒருத்தரும் பள்ளிக்கூடம் போனதில்லை, அம்மாவிடம்தான் படிப்பு. ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்களும் இங்கே எங்கள் வீட்டுக்கு வருகிற நண்பர்களும் ஜன்னல் வழியாக அந்த வீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன். அவர்கள் பெயரை எழுத மாட்டேன், அவர்களுக்குப் பிடிக்காது.

அனபாப்டிஸ்ட் என்றால் பாப்டிஸ்ட் சபையா?

இல்லை. பேர் மட்டும்தான் கிட்டத்தட்ட ஒன்று போல இருக்கிறது. அனபாப்டிஸ்ட் என்றால் 'மறுபடியும் ஞானஸ்நானம் கொடுப்பவர்' என்று அர்த்தம், எதிரிகள் வைத்த பெயர். 1525 ஜனவரி 21 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தில் ஒரு வீட்டில் சிலர் கூடினார்கள். குழந்தையாக இருந்தபோது நமக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, விசுவாசம் என்பது விவரம் தெரிந்தபிறகு அவரவர் எடுக்கிற முடிவு என்று சொல்லி, கான்ராட் கிரேபல் என்பவர் ஜார்ஜ் பிளாவ்ராக் என்பவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், அவர் மற்றவர்களுக்குக் கொடுத்தார். இன்றைக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். அன்றைக்கு ஒரு ஊரில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தையும் ஞானஸ்நானம் வழியாகத்தான் சபைக்குள்ளும் அரசின் கணக்குக்குள்ளும் வந்தது, ஆகவே இது ராஜதுரோகம். இரண்டே வருஷத்தில், 1527 ஜனவரியில், அந்தக் குழுவில் இருந்த பீலிக்ஸ் மான்ஸ் என்பவரை சூரிக் நகர மன்றம் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது.

நம் ஊர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களில் குழந்தைக்கு ஞானஸ்நானம், வளர்ந்தபிறகு அந்த விசுவாசத்தைத் தானே ஏற்றுக்கொள்கிற திடப்படுத்தல் என்று ஒரு வரிசை உண்டு. இவர்களிடம் முதல் பாதியே கிடையாது. குழந்தை பிறந்தால் ஜெபம் மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த வீட்டில் நடக்கிற எல்லாவற்றுக்கும் இதுதான் வேர், பின்னால் மறுபடி வருவேன்.

அப்போ ஆமிஷும் இவர்களும் ஒன்றா? குதிரை வண்டி எங்கே?

ஒரே மரத்தின் கிளைகள். 1536-இல் கத்தோலிக்கக் குரு பதவியை விட்டு வந்த டச்சுக்காரர் மென்னோ சைமன்ஸ் பெயரால் மெனோனைட்கள். 1693-இல் யாக்கோப் அம்மன் என்பவர் கட்டுப்பாடு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்று பிரிந்து போனார், அவர் வழி வந்தவர்கள்தான் குதிரை வண்டிக்குப் பேர்போன ஆமிஷ். மெனோனைட்களிலேயே குதிரை வண்டிக்காரர்கள் உண்டு, ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர்களும் உண்டு. கோஷன் கல்லூரி, ஈஸ்டர்ன் மெனோனைட் பல்கலைக்கழகம் எல்லாம் அவர்கள் நடத்துவதுதான்.

என் பக்கத்து வீட்டார் நடுவில் இருக்கிற கட்டுப்பாடான மெனோனைட்கள். மின்சாரம் உண்டு, பதினைந்து பேர் உட்கார்கிற வேன் உண்டு, வாஷிங் மெஷின் உண்டு. டிவி கிடையாது. இணையம் அப்பாவின் தச்சுப் பட்டறை அலுவலகத்தில் மட்டும், அதுவும் வடிகட்டி போட்டது.

பிள்ளைகளை ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் இதில் குழம்புகிறார்கள். ஆமிஷ் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் படிப்பதில்லை, அவர்களுக்கு ஓரறைப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விஸ்கான்சின் எதிர் யோடர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கட்டுப்பாடான மெனோனைட்களிலும் பலர் சபைப் பள்ளிக்குத்தான் அனுப்புகிறார்கள். வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பது அவர்களுக்குள் ஒரு சிலர் எடுக்கிற வழி.

இவர்கள் ஏன் எடுத்தார்கள் என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். அவர் உபாகமம் 6-ஐத்தான் சொன்னார். நம் வேதாகமத்தில் அது இப்படி இருக்கிறது: 'நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்' கர்த்தருடைய வார்த்தைகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசு என்று. "பிள்ளை காலை எட்டு மணிக்குப் போய் நாலு மணிக்கு வந்தால் நான் எப்போது உட்கார்ந்திருப்பது, எப்போது நடப்பது?" என்று கேட்டார். கெட்ட சகவாசம், கெட்ட பாடம் என்ற பயமும் இருக்கத்தான் செய்கிறது, அவர் அதை மறைக்கவில்லை. ஆனால் அவர் அதிகம் பேசியது நேரத்தைப் பற்றி. இந்த ஒன்பது வருஷத்தில் நான் பார்த்ததும் அதுதான். இந்த வீட்டில் விசுவாசம் ஒரு பாடமாக நடத்தப்படுவதில்லை, பீன்ஸ் நறுக்கும்போதும் துணி காயப்போடும்போதும் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கும்போதும் கூடவே இருந்து பிடித்துக்கொள்கிற பழக்கமாக இருக்கிறது. அதற்குக் கூட இருக்க வேண்டும்.

சட்டம் விடுகிறதா? யாராவது வந்து பார்ப்பார்களா?

எல்லா மாநிலத்திலும் வீட்டுக்கல்வி சட்டப்படி சரிதான், மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பென்சில்வேனியா கொஞ்சம் கறாரான மாநிலம், 1988-இல் வந்த சட்டம். சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். வருஷா வருஷம் ஆகஸ்ட் 1-க்குள் பள்ளி மாவட்டத்துக்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். 180 நாள், அல்லது சின்ன வகுப்புக்கு 900 மணி நேரம், பெரிய வகுப்புக்கு 990 மணி நேரம் படித்திருக்க வேண்டும். 3, 5, 8 வகுப்புகளில் பொதுத் தேர்வு ஒன்று எழுத வேண்டும். என்ன படித்தார்கள், என்ன எழுதினார்கள் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு. வருஷக் கடைசியில் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் அந்தக் கோப்பைப் பார்த்து, பிள்ளையோடும் பேசிப் பார்த்துச் சான்று தர வேண்டும்.

கட்டாயப் பாடங்களில் தீ விபத்தைத் தடுப்பது எப்படி என்பதும் ஒன்று. பக்கத்து வீட்டுச் சுட்டிப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்து, 'உங்கள் புகை உணர்கருவிக்கு எப்போது பேட்டரி மாற்றினீர்கள்?' என்று கேட்டான். மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கே மாற்றினேன்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

ஐந்தரைக்கு விளக்கு எரியும். ஆறு மணிக்குள் பெரிய பையன்கள் கோழிக்கும் இரண்டு பசுவுக்கும் வேண்டியதைச் செய்துவிட்டு வருவார்கள். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். அப்பா ஒரு அதிகாரம் வாசிப்பார், எல்லாரும் ஒரு பாட்டுப் பாடுவார்கள், பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன்மேல் முழங்கையை ஊன்றி முழங்காலில் நிற்பார்கள். மூன்று வயசுக் குழந்தையும் நிற்கும், பாதி நேரம் கண்ணைத் திறந்து பூனையைத் தேடும், யாரும் திட்ட மாட்டார்கள். நான் முதல் முறை ஒரு அவசரத்துக்குக் காலையில் கதவைத் தட்டப் போனபோது உள்ளே இந்தப் பாட்டுச் சத்தம், தட்டாமல் படியிலேயே நின்றுவிட்டேன்.

எட்டரை மணிக்குச் சாப்பாட்டு மேசையே வகுப்பறை. பெரியவர்கள் தங்கள் பாடத்தைத் தாங்களே படித்துக்கொண்டு போவார்கள், சந்தேகம் வந்தால் மட்டும் அம்மாவிடம் வருவார்கள். அம்மா ஒரு கையால் மாவு பிசைந்துகொண்டே சின்னவனின் வாசிப்பைக் கேட்பார். பத்து வயசுக்காரி ஆறு வயசுக்காரனுக்குக் கூட்டல் சொல்லிக்கொடுப்பாள். மதியத்துக்குள் புத்தகப் படிப்பு பெரும்பாலும் முடிந்துவிடும். அது எப்படி முடியும் என்று என் தங்கை நம்பவில்லை, அவள் ஊரில் டீச்சர். யோசித்துப் பார், நாற்பது பிள்ளைகளுக்கு வருகைப்பதிவு எடுக்க வேண்டாம், அமைதியாக்க வேண்டாம், வண்டியில் போய்வர வேண்டாம் என்றேன்.

மதியத்துக்கு மேல் வேலை. தோட்டம், தையல், பட்டறை. பையன்கள் பன்னிரண்டு வயசில் அளவு எடுத்து மரம் அறுக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பின்னம் ஏன் படிக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை, அப்பாவின் டேப்பில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கண் முன்னால் இருக்கிறது.

ஆகஸ்ட் மாதம் வந்தால் புத்தகம் எல்லாம் அலமாரிக்குள் போய்விடும். சோளம் உதிர்த்து ஃப்ரீசரில் வைப்பது, தக்காளிச் சாறு, பீச் பழம், வெள்ளரி ஊறுகாய் என்று கண்ணாடி ஜாடிகளில் அடைத்து வெந்நீரில் கொதிக்கவைத்து நிலவறையில் அடுக்குவார்கள். போன வருஷம் மட்டும் நானூறு ஜாடிக்கு மேல். அம்மாவின் தங்கைகளும் அத்தையும் பாட்டியும் வந்துவிடுவார்கள், வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து பீச் தோலை உரித்துக்கொண்டே பேச்சும் பாட்டும் நடக்கும். எங்கள் ஆச்சி வீட்டில் சித்திரை வெயிலில் வத்தலும் வடகமும் போடுகிற நாட்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தது, மொட்டை மாடிக்குப் பதில் புல்தரை, அவ்வளவுதான் வித்தியாசம். நானும் கத்தியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவேன்.

என்ன புத்தகம் வைத்துப் படிக்கிறார்கள்?

அவர்களுடைய பதிப்பகங்களே இருக்கின்றன. வர்ஜீனியாவில் ஹாரிசன்பர்க் நகரத்தில் இருக்கிற கிறிஸ்டியன் லைட் வெளியிடும் பாடங்கள்தான் இந்த வீட்டில். ஒரு பாடத்துக்கு வருஷத்துக்குப் பத்து மெல்லிய புத்தகம், ஒன்றை முடித்துத் தேர்வு எழுதினால் அடுத்தது. கென்டக்கியின் ராட் அண்ட் ஸ்டாஃப், கனடாவில் ஆமிஷ் நடத்துகிற பாத்வே வாசிப்பு நூல்கள் இவையும் புழக்கத்தில் உண்டு. இலக்கணமும் கணக்கும் பலமாக இருக்கிறது, வாக்கியத்தைப் பிரித்துப் படம் போட்டுக் காட்டுவதில் அந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

அறிவியல்?

செடி, பறவை, உடம்பு, வானிலை எல்லாம் நன்றாகவே படிக்கிறார்கள், பறவை பெயரில் என் பையன் அவர்களிடம்தான் தேறினான். பரிணாமத்தை உண்மையென்று சொல்லிக்கொடுப்பதில்லை, உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்றே பாடம். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த அம்மாவுக்கும் அது தெரியும். ஒரு தடவை பேசினோம், அவர் பொறுமையாகக் கேட்டார், நானும் கேட்டேன், இரண்டு பேரும் மாறவில்லை. மருத்துவமோ உயிரியலோ படிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு இது பிற்பாடு பெரிய தடையாக வரும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மற்ற பிள்ளைகளோடு பழகத் தெரியுமா?

இந்தக் கேள்வி எனக்குப் புரியவே இல்லை. ஏழு பிள்ளைகள், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் முப்பதுக்கு மேல், புதன்கிழமை ஜெபக் கூட்டம், ஞாயிறு விருந்தாளிகள், வாலிபர் பாட்டுக் கூட்டம். எண்பது வயசுக்காரரிடமும் எட்டு மாசக் குழந்தையிடமும் ஒரே மாதிரி பேசத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் தங்களைப் போல் இல்லாதவர்களோடு பழகுவது குறைவு, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், மிஸ்டர் மிஸஸ் கிடையாது, சபையில் எல்லாரும் சமம் என்பதால். ஐந்து வயசுக் குழந்தை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது முதலில் திடுக்கிட்டது. என் பையன் அந்த அம்மாவை ஆன்ட்டி என்றே கூப்பிடுகிறான், அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது.

முக்காடு, நீளப் பாவாடை, நகை இல்லாமல் இருப்பது எல்லாம் கட்டாயமா?

ஞானஸ்நானம் எடுத்த பெண்கள் வெள்ளை வலைத்துணியில் தைத்த சின்னத் தொப்பியால் கொண்டையை மூடுவார்கள், 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தின்படி. உடை தாங்களே தைப்பது, மார்பின்மேல் இன்னொரு மடிப்புத் துணி வைத்தது. நகை இல்லை, கல்யாண மோதிரம்கூட இல்லை. நம் ஊர்ப் பெந்தெகொஸ்தே சபைகளில் கம்மல் கழற்றிவிட்ட அக்காமார்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 'இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்' என்ற ரோமர் 12-ஆம் அதிகார வசனத்தை இவர்கள் துணிக்கடையிலும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எந்த உடை, எந்தச் சாதனம் என்பதைச் சபை கூடிப் பேசி முடிவு பண்ணும், தனியாள் இஷ்டம் இல்லை. அதற்குப் பின்னால் இருக்கிற எண்ணத்தை ஜெர்மன் மொழியில் கெலாசென்ஹைட் என்பார்கள். நம் வேதாகமத் தமிழில் அதற்கு அழகான சொல் இருக்கிறது, ஒப்புக்கொடுத்தல்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை எப்படி இருக்கும்? உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். நாலைந்து தடவை போயிருக்கிறேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆர்கன், கிட்டார், கீபோர்டு ஒன்றும் கிடையாது. ஒருவர் சுருதி பிடிப்பார், இருநூறு பேர் நான்கு குரலாகப் பிரிந்து பாடுவார்கள், பாடகர் குழு என்று தனியாக இல்லை. எட்டு வயசுப் பிள்ளை ஆல்டோ என்கிற இரண்டாம் குரலைப் பாடுகிறது, யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லித்தரவில்லை, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தினமும் கேட்டது. நான் சபைப் பாட்டிலேயே வளர்ந்தவள், இருந்தாலும் அன்றைக்கு எனக்குப் பாட வாய் வரவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன். வருஷத்தில் இரண்டு தடவை இராப்போஜனம் (அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற சடங்கு), அப்போது யோவான் 13-இல் உள்ளபடி ஒருவர் காலை ஒருவர் கழுவுவார்கள்.

போதகர் தேர்வு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சம்பளம் வாங்குகிற போதகர் கிடையாது, இறையியல் கல்லூரிக்குப் போனவரும் இல்லை. இடம் காலியானால் சபையார் தங்களுக்குள் தகுதியானவர் என்று நினைக்கிறவர் பெயரைச் சொல்வார்கள். பெயர் வந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை புத்தகம் மேசையில், ஒன்றுக்குள் மட்டும் ஒரு துண்டுச் சீட்டு. ஆளுக்கொரு புத்தகம் எடுக்க வேண்டும். சீட்டு வந்தவர் வாழ்நாள் முழுக்கப் பிரசங்கியார், தச்சனோ பால்காரரோ அந்த வேலையையும் பார்த்துக்கொண்டு. பக்கத்து வீட்டு அப்பா ஒருமுறை அந்த வரிசையில் உட்கார்ந்தார். முந்தின இரவு முழுக்க அந்த அம்மா தூங்கவில்லையாம். சீட்டு வேறொருவருக்குப் போனது. "நிம்மதியாக இருந்ததா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "அவர் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை" என்றார்.

பட்டாளத்தில் சேர மாட்டார்களாமே?

மாட்டார்கள். 'தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்' என்ற மத்தேயு 5-ஐ அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் சுமார் 12,000 பேர் துப்பாக்கி எடுக்க மறுத்து அதற்குப் பதிலாகக் காடுகளிலும் மனநல மருத்துவமனைகளிலும் பொதுச்சேவை செய்தார்கள், அதில் மெனோனைட்கள்தான் மிகப் பெரிய குழு.

வீட்டில் இதைக் கதையாகச் சொல்கிறார்கள். 1660-இல் வந்த 'இரத்தசாட்சிகளின் கண்ணாடி' என்ற கனத்த புத்தகம் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். அதில் டர்க் வில்லெம்ஸ் என்ற டச்சுக்காரர் 1569-இல் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்மேல் ஓடுகிறார். துரத்தி வந்த காவலாளி பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுகிறான். இவர் திரும்பி வந்து அவனைத் தூக்கிக் காப்பாற்றுகிறார். அதனாலேயே பிடிபட்டு எரிக்கப்படுகிறார். பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் ஒரு பந்துக்காக அடித்துக்கொண்டபோது அம்மா வேறு ஒன்றும் சொல்லவில்லை, "பனிக்கட்டியில் யார் விழுந்திருக்கிறார்கள் இப்போ?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

இதே கவுண்டியில் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில் 2006 அக்டோபர் 2 அன்று ஓரறை ஆமிஷ் பள்ளியில் ஒருவன் பத்துச் சிறுமிகளைச் சுட்டான், ஐந்து பேர் இறந்தார்கள், அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். சில மணி நேரத்துக்குள் ஆமிஷ் ஆட்கள் அவன் மனைவியின் வீட்டாரைத் தேடிப்போய் மன்னித்தோம் என்றார்கள், அவனுடைய அடக்கத்துக்கும் போனார்கள். நாங்கள் இங்கே வருவதற்கு வெகு முன்னால் நடந்தது. இதைப் பற்றிப் பேசும்போது இங்குள்ளவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஆனால் மன்னிப்பு என்ற அந்த நல்ல சொல்லையே வைத்து, பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் நடக்கும் பாலியல் கொடுமையைச் சபைக்குள் அமுக்கிவிட்டதும் சில சமூகங்களில் நடந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவளையே 'மன்னித்துவிடு' என்று சொல்லி வாயை மூடியிருக்கிறார்கள். இதைப் பற்றி இப்போது அனபாப்டிஸ்ட் பெண்களே வெளிப்படையாகப் பேசுகிறார்கள், பேச வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் கண்ணில் படுகிற வாய்ப்பு வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு இல்லை என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மருத்துவக் காப்பீடு எடுக்க மாட்டார்கள் என்பது நிஜமா?

பலர் எடுப்பதில்லை. சபையில் பொதுப்பணம் இருக்கிறது, பில் வந்தால் எல்லாரும் பகிர்ந்துகொள்வார்கள்.

உதவி என்பது அவர்களுக்குள் மட்டும் இல்லை. என் கணவருக்கு முதுகில் அறுவைச்சிகிச்சை நடந்த வாரம் பெரும் பனி கொட்டியது. காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் வாசல் பாதை சுத்தமாக இருந்தது, அவர்கள் பையன்கள் இருட்டிலேயே வந்து வாரிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று வாரம் தினமும் சாயங்காலம் ஒரு பாத்திரம் வந்தது, கோழி-சோளக் கஞ்சி, ரொட்டி, ஒரு ஜாடி பீச். நாங்கள் காரம் சாப்பிடுவோம் என்று தெரிந்து ஒரு நாள் மிளகாய்த்தூளைத் தனியாகக் கட்டி வைத்திருந்தார்கள். நன்றி சொல்லப் போனால் அந்த அம்மா உடனே பேச்சை மாற்றிவிட்டார்.

பெண்களின் நிலை என்ன, உண்மையைச் சொல்லுங்கள்.

அந்த அம்மா இரவு பத்து மணிக்கு முன்னால் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. சமையல், தையல், தோட்டம், கைக்குழந்தை, அதோடு ஐந்து வகுப்புக்கு டீச்சர். அப்பா நல்லவர், மாலையில் பாத்திரம் கழுவுவார், கணக்குப் பாடத்தை அவர் எடுத்துக்கொள்கிறார், ஆனால் எடை அம்மா தோளில்தான். களைத்துப்போன ஒரு பிப்ரவரி மாதம் என் சமையலறையில் வந்து ஒரு டீ குடித்துவிட்டு அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு போய்விட்டார். அதற்கு அடுத்த வாரம் முதல் சபையிலிருந்து கல்யாணமாகாத பெண் ஒருத்தி வாரம் மூன்று நாள் உதவிக்கு வந்தாள், யாரோ கவனித்திருக்கிறார்கள்.

வீட்டுக்குத் தலைவர் கணவர், பிரசங்கம் ஆண்கள் மட்டும்தான். மூத்த பெண் நல்ல புத்திசாலி, படிப்பை விட்டுவிடுவாளோ என்று எனக்கு உள்ளூரக் கவலை இருந்தது. அவள் இப்போது ஓரறைப் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள், சந்தோஷமாக இருக்கிறேன் என்கிறாள், அவளை நான் நம்புகிறேன். அவளுக்கு வேறு வழிகள் கண்ணில் பட்டிருந்தால் என்ன தேர்ந்தெடுத்திருப்பாள் என்ற கேள்வி மட்டும் எனக்குப் போகவில்லை.

வளர்ந்த பிள்ளை 'எனக்கு இது வேண்டாம்' என்றால்?

ஆரம்பத்தில் வேர் என்று சொன்னேனே, அது இங்கேதான் வலிக்கும். விசுவாசத்தை யாரும் யாருக்காகவும் ஏற்க முடியாது என்பதற்காக உயிரை விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அதே சமயம் காலை ஐந்தரையிலிருந்து இரவு ஜெபம் வரை அந்த விசுவாசத்துக்குள்ளேயே பிள்ளையை வைத்து வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்த பிள்ளை சொல்கிற 'ஆம்' எந்த அளவுக்கு அதனுடையது? இதை நான் வெளியாள் தைரியத்தில் கேட்டுவிட்டேன். அப்பா ரொம்ப நேரம் பட்டறையில் மரத்தூளைக் கூட்டிக்கொண்டே இருந்தார். "என் அப்பாவும் இப்படித்தான் வளர்த்தார், என் தம்பி போய்விட்டான். அதனால் வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

மூத்த பெண் பதினாறு வயசில் கேட்டாள். அவளாகத்தான் கேட்க வேண்டும். 1632-ஆம் வருஷத்து டோர்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையின் 18 பகுதிகளையும் சில மாதம் உட்கார்ந்து படித்தாள். பிறகு ஒரு ஞாயிறு முழங்காலில் நின்றாள், பிஷப் கேள்வி கேட்டார், அவள் பதில் சொன்னாள், பிஷப் குவித்த கையில் தண்ணீர் ஊற்ற அது அவள் தலையில் வழிந்தது. முழுக்கு இல்லை, ஊற்றுவதுதான். நாங்களும் போயிருந்தோம்.

இரண்டாவது பையனுக்குப் பத்தொன்பது. அவன் இன்னும் கேட்கவில்லை. கட்டட வேலைக்குப் போகிறான், ஒரு ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறான், வீட்டில்தான் இருக்கிறான், காலை ஜெபத்தில் மற்றவர்களோடு முழங்காலில் நிற்கிறான். ஞானஸ்நானம் எடுத்தபின் விலகினால்தான் சபை நடவடிக்கை, ஆமிஷ்களிடம் அது ஒதுக்கிவைப்பது வரைக்கும் போகும். எடுக்காதவனை யாரும் ஒதுக்குவதில்லை. அவனிடம் சாப்பாட்டு மேசையில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அம்மா மட்டும் அவன் சட்டைகளை இஸ்திரி போடும்போது வாய் அசைவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவில் இவர்கள் இருக்கிறார்களா?

நிறையவே. தெலங்கானாவில் மெனோனைட் பிரதரன் சபைகள் பெரிய எண்ணிக்கை. சத்தீஸ்கரில் தம்தரியில் 1899-இல் அமெரிக்க மெனோனைட்கள் பஞ்ச காலத்தில் வந்து ஆரம்பித்த சபையும் மருத்துவமனையும் இருக்கின்றன. உலக மெனோனைட் மாநாடு 1997-இல் கொல்கத்தாவில் நடந்தது. அவர்கள் புடவை கட்டுகிறவர்கள், இந்தத் தொப்பியும் வீட்டுக்கல்வியும் அங்கே தேட வேண்டாம்.

உங்களை மதம் மாற்றப் பார்த்தார்களா?

இல்லை. ஒரு நாட்காட்டி கொடுத்தார்கள், வசனம் போட்டது. சமையலறையில் மாட்டியிருக்கிறேன்.

லான்காஸ்டர் வந்தால் போய்ப் பார்க்கலாமா?

வாருங்கள். 1719-இல் கட்டிய ஹான்ஸ் ஹெர் வீடு இருக்கிறது, கவுண்டியிலேயே பழைய வீடு, உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆமிஷ் ஆட்களை முகத்துக்கு நேராகப் போட்டோ எடுக்காதீர்கள், வண்டியை நிறுத்திப் பிள்ளைகளை எடுப்பது ரொம்பத் தப்பு. சாலையோரத்தில் வீட்டு வாசல்களில் காய், பழம், பழம் வைத்துச் சுட்ட பை (pie), ஜாம் வைத்திருப்பார்கள், ஆள் இருக்க மாட்டார்கள், ஒரு டப்பா இருக்கும், விலையைப் பார்த்துப் பணத்தைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். சில்லறை கொண்டுவாருங்கள். ஞாயிறு வராதீர்கள், எல்லாம் மூடியிருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுச் சின்னவள் வேலிக்கு இந்தப் பக்கம் ஓடிவந்து உங்கள் பெயரைக் கேட்பாள், அத்தை மாமா என்று எதிர்பார்க்காதீர்கள், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.